பன்னிரண்டாவது சுமை

கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் எடுக்கும் வேலையில் நான் மூன்று வறட்சிக்காலம் இருந்தேன். இப்போது சிலிபின் ஊரில் நான் இருக்கிற வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. எங்காவது சொட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பேன். ஒரு வாளி தண்ணீருக்கு எத்தனை விறகு எரியும் என்பது என் உடம்புக்குள் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் வெளியே போகமாட்டேன் என்கிறது.

ஜெர்மன்காரன் போட்ட முதல் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். மலாய் நாட்டில், சுங்காய்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். நானும் என் மனைவியும் பேராக் ஆறு கடலில் சேருகிற பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். தாழ்ந்த பூமி. கிணறு தோண்டினால் கறுப்பாகக் காப்பித் தண்ணீர் மாதிரி ஊறும், வாயில் வைக்க முடியாது. மழைக்காலத்தில் தகரக் கூரையிலிருந்து வழிகிற நீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்போம். மழை நின்றுவிட்டால் ஆறு இளைத்துவிடும், கடல் உள்ளே ஏறிவிடும். தோட்டத்து வாய்க்கால் முழுக்க உப்பு. அதைக் குடித்தும் குடிக்காமலும் ஒரு வறட்சியில், கூலிகள் குடியிருந்த லயத்து வீடுகளில் நிறையப் பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அதற்குப் பிறகுதான் பாய்லர் வந்தது.

லகாட்டில் ஏதோ ஈயச் சுரங்கத்தில் ஓடி ஓய்ந்த பழைய பாய்லர் அது. படகில் ஏற்றிக் கொண்டுவந்து, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் நிறுத்தினார்கள். சூத்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. ரசம் கொதிக்கும்போது மூடி வைத்த தட்டின் அடியில் நீர் கோர்த்து நிற்கிறதல்லவா, அதுதான். வாய்க்காலின் உப்புத் தண்ணீரை பாய்லரில் விட்டு எரிக்க வேண்டும். ஆவி ஒரு செம்புச் சுருள் வழியாகப் போகும். அந்தச் சுருள் ஒரு பெரிய மரப் பீப்பாய்க்குள் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் முங்கியிருக்கும். ஆவி அங்கே குளிர்ந்து, சுருளின் வாயில் நல்ல தண்ணீராய்ச் சொட்டும். சுருளைக் குளிர வைக்கிற வேலையில் பீப்பாய்த் தண்ணீர் சூடாகிவிடும். கைப்பம்பை அடித்து அடியில் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வருகிற சூட்டுத் தண்ணீர் வழிந்து, புகைந்துகொண்டு வாய்க்காலுக்கே திரும்பிப் போகும்.

நெருப்புப் போடுவது, பம்பு அடிப்பது, வாய்க்காலில் வாளி வாளியாய் மொண்டு ஏணியில் ஏறி பாய்லருக்கு மேலே இருந்த சின்னத் தொட்டியில் ஊற்றுவது, எல்லாம் நான். இன்னொரு ஆள் மாற்றி விடுவதற்கு. பாய்லர் கதவுக்குப் பக்கத்தில் மாரியம்மன் படம் ஒன்றைச் சோற்றுப்பசையால் ஒட்டி வைத்திருந்தேன். சூட்டில் அது அடிக்கடி உரிந்து விழும். மறுபடி ஒட்டுவேன்.

விறகுதான் பாடு. கடலோரச் சேற்றில் வளர்கிற பாக்காவ் மரம் படகில் வந்து ஆற்றுத் துறையில் இறங்கும். அங்கிருந்து பாய்லருக்கு வரப்புப் பாதையில் நல்ல தூரம். பாதை என்றால் சேற்றின் மேல் போட்ட பலகை. காலையில் பால் மரம் சீவி முடித்த பெண்களில் பன்னிரண்டு பேரை விறகுக்கென்று பிரித்திருந்தார்கள். ஒருத்திக்கு மூன்று நடை. மூன்று நடையும் முடிந்தால் பாய்லர் கொட்டகைத் தகரச் சுவரில் அவளே கரியால் ஒரு கோடு போட வேண்டும். விறகுக் கங்காணி சாயந்திரம் வந்து கோட்டைப் பார்ப்பார். பன்னிரண்டு கோடு இருந்தால் பேசாமல் போவார். குறைந்தால் பேசுவார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் என் மனைவியும் ஒருத்தி.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் நாள் நிறையாமல் போயிருந்தன. ஒன்று சுங்காயில். மற்றது இங்கே, முந்தின வறட்சியில், விறகுச் சுமையோடு பலகை வழுக்கி விழுந்தபோது. இந்தத் தடவை மறுபடி நாள் தள்ளியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் அம்மனுக்கு மட்டும் சொன்னேன், இந்தப் பிள்ளையைக் கையில் கொடு, உன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. சொல்லிவிட்டு வந்து அவள் சுமந்து வந்த விறகை நானே நெருப்புக்குள் தள்ளினேன். என் வேலை அப்படி.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று பாய்லரை நிறுத்திக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்று கங்காணியிடம் போய் நின்றேன்.

"நெருப்ப அணைக்கப் போறியா? தொரை காதுல விழுந்தா உன்னயும் என்னயும் சேத்து ஊருக்குக் கப்பல் ஏத்திருவாருடா."

"கங்காணி, வருசம் பூரா சோறு போடுற சாமான். ஒரு நாளு கும்பிடாம விட்டா அது நம்மள விடுமா?"

"கும்பிடு. யாரு வேணாம்னா? எரியட்டும், எட்ட நின்னு கும்பிடு."

"எரியிற வயித்துக்குள்ள எப்படிப் பொட்டு வைக்கிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பகலுதான். பொழுது சாயிறதுக்குள்ள மறுபடி எரியணும். தொட்டித் தண்ணி பத்தலன்னா லயத்துச் சனம் உன்னத்தான் பிழிஞ்சு குடிக்கும், பாத்துக்க."

நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் கொதித்த இடம். சுவர் முழுக்க வெள்ளையும் பழுப்புமாய்க் காறை விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. பார்த்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படி அழுக்கோடா ஒரு பொருளைப் பூசையில் வைப்பது? பழைய பால் சீவும் கத்தியால் சுரண்டினேன். மேலாகக் கொஞ்சம் பெயர்ந்தது. மீதி அசையவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "புளி போட்டுத் தேச்சுப் பாருங்களேன். குத்துவிளக்கே பளபளன்னு ஆவுது."

"இது என்ன விளக்கா?"

"பூசையில வச்சா எல்லாம் விளக்குதான்."

அவள் லயத்தில் வீடு வீடாய்ப் போனாள். விளக்குத் தேய்க்கவென்று பெண்கள் எடுத்து வைத்திருந்த புளிச் சக்கையையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வந்தாள். அதை வெந்நீரில் கரைத்து பாய்லருக்குள் ஊற்றினேன், செம்புச் சுருளுக்குள்ளும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் நுரைத்தது. காறை இளகிவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்தபோது தட்டுத் தட்டாய்க் கழன்று விழுந்தது. அடியில் இரும்பு தெரிந்தது. பாய்லருக்கு இரும்பு என்று ஒன்று இருப்பதையே நான் அன்றுதான் பார்த்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசியிருக்க வேண்டும். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? ஒரு தடவை உப்புத் தண்ணீரால் அலசிவிட்டு நெருப்பு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை லயம் முழுவதும் காப்பி புளித்தது. நுரை பொங்கி ஆவியோடு சேர்ந்து வந்துவிட்டது போல. எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். விறகுக்காரப் பன்னிரண்டு பேரில் மூத்தவள், வாய் நீளம். வாளியோடு கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, இன்னைக்கு ரசத்துக்குத் தனியா புளி வாங்க வேணாம்லா. உப்பும் புளியும் நீயே போட்டுட்ட. நாளைக்கு மொளகும் சேத்து விடுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. என்னை அவர் திட்டியதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே என் கண் விறகு மேல் இருந்தது. வழக்கமாக மூன்று அடுக்கு விறகு எரிந்த பிறகுதான் சுருளின் வாயில் முதல் சொட்டு விழும். அன்றைக்கு இரண்டாவது அடுக்கு பாதி எரியும்போதே விழுந்துவிட்டது. சாயந்திரம் தொட்டி எப்போதும் போல் நிறைந்தது, கொட்டகைத் தரையில் விறகு மீதம் கிடந்தது. அம்மன்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கம்பளி போர்த்தியவனுக்கு வெயில் உறைக்காது. அந்தக் காறைதான் இத்தனை நாளும் நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கம்பளியாய்க் கிடந்திருக்கிறது. நாங்கள் கம்பளியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குத்தான் அவ்வளவு பெண்கள் நடந்திருக்கிறார்கள்.

நாலு நாள் பார்த்தேன். பத்துக் கோடு விறகு போதும், பன்னிரண்டு வேண்டாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கங்காணியைக் கூட்டிக்கொண்டு சின்னத் தொரையிடம் போனேன். அவர் அப்போது புதுசு, மலாயும் தமிழும் கலந்து பேசுவார்.

"தொரை, ரெண்டு பேரு சுமை மிச்சம். ரெண்டு பொம்பளைய விறகுல இருந்து விட்டுடலாம்." அந்த இரண்டு பேரில் முதல் ஆள் யார் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

"பாகுஸ்!" என்றார். மலாயில் நல்லது என்று அர்த்தம். என் தோளில்கூடத் தட்டினார். "ரொம்ப பாகுஸ். ஸ்டோர்ல பால் கலக்கத் தண்ணி பத்தல. அந்த ரெண்டு சுமையும் போட்டு ஸ்டோருக்குக் கூடத் தண்ணி குடு."

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் நடந்தார்கள். லயத்துக்கு வந்த தண்ணீர் அதேதான். கூட வந்தது ரப்பர் ஷீட்டைக் கழுவப் போயிற்று. நான் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்ததற்காக என்னையே வைதுகொண்டேன். என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம்.

ஒரு நாள் அவள் அரிசி வேகவைத்துக்கொண்டிருந்தாள். உலைப்பானைக்குத் தட்டுக்குப் பதில் தண்ணீர் நிறைந்த ஒரு சொம்பை மூடியாக வைத்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள். உலையில் நீர் சுண்டியதும் அந்தச் சொம்பில் சூடாகியிருந்த தண்ணீரையே எடுத்து உள்ளே ஊற்றினாள். கொதி அடங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பச்சத் தண்ணிய ஊத்தினா என்ன?" என்று கேட்டேன்.

"கொதி செத்துப்போயிரும். மறுபடி ஒரு சுள்ளி வைக்கணும். விறகு என்ன சும்மாவா வருது?" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

பீப்பாயின் மேலே கைவைக்க முடியாத சூட்டில் தண்ணீர் நின்று, வழிந்து, வாய்க்காலில் போய் வீணாகிறது. பக்கத்திலேயே அதே வாய்க்காலில் குளிர்ந்த தண்ணீரை மொண்டு பாய்லருக்குள் ஊற்றி, கொதியைச் சாகடித்து, மறுபடி அதை உயிர்ப்பிக்க விறகு போடுகிறேன். ஏற்கெனவே விறகைத் தின்ற சூடு அது. அதைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வாளியைப் பீப்பாயின் மேலே விட்டு மொண்டேன். ஏணியில் ஏறும்போது தளும்பி முழங்கையில் ஊற்றியது. தோல் பொங்கிவிட்டது. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

ஒரு வாரம் அளந்து பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்தது போல இரண்டு சுமை மிஞ்சவில்லை. ஒன்றுதான். சரியாக ஒரு பெண்ணின் ஒரு நாள் சுமை.

இந்தத் தடவை தொரையிடம் போகவில்லை. கங்காணியிடமும் போகவில்லை. மனைவியிடம், "கங்காணிகிட்ட சொல்லி உன்ன விறகுல இருந்து விடச் சொல்லிட்டேன், யாருகிட்டயும் பேச்சு வச்சுக்காத, மத்தவங்க வருத்தப்படுவாங்க" என்றேன். அவள் நம்பினாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினாள். சாயந்திரம் பதினொரு பேரும் கோடு போட்டுவிட்டுப் போன பிறகு, பன்னிரண்டாவது கோட்டை நான் போட்டேன். கங்காணி வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

மாரியம்மன் படத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. அம்மா, நான் யாருடையதையும் எடுக்கவில்லை, நெருப்பு தின்னாமல் விட்டதைத்தான் எடுத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தபிறகு சரியாக இல்லை. பகல் முழுக்கச் சூட்டுத் தண்ணீரோடு ஏணி ஏறி இறங்கி, கால் வீங்கி வீட்டுக்குப் போவேன். அவள் பாயில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருப்பாள். முகம் தெளிந்திருக்கும். அதைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கும். எதிர்வீட்டு அக்கா மூன்றாவது நடையை இறக்கிப் போட்டுவிட்டு, கோடு போடப் போனவள் போடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டு மகராசி எங்க தம்பி? வரப்புல ஆளக் காணோம். கோடு மட்டும் வந்து நிக்குது. விறகு தானா நடந்து வருதோ?"

"அவ முன்னாடியே வந்து போட்டுட்டுப் போறா."

"ஓகோ." அக்கா கரியை எடுத்து அந்தக் கோட்டைச் சுட்டிக் காட்டினாள். "இது அவ கோடு இல்ல. அவ பீச்சாங்கைக்காரி. அவ போட்டா இந்தப் பக்கமா சாயும். பத்து நாளா நேரா நிக்குது. எங்களுக்கு எழுதத்தான் தெரியாது தம்பி. பாக்கத் தெரியும்."

பன்னிரண்டு பேரின் கோட்டையும் தினம் பார்த்தவன் நான். என் மனைவி இடக்கையால் சாப்பாடு பரிமாறக்கூடாது என்று கல்யாணமான புதிதில் கோபித்தவனும் நான்தான். எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னேன். பீப்பாய், சூட்டுத் தண்ணீர், ஒரு சுமை மிச்சம், எல்லாம். பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா தலைச்சும்மாட்டை அவிழ்த்தாள். பிடரியில் தோல் வழண்டு சிவந்திருந்தது. "அவ வயித்துல புள்ள. சரி. அப்ப இது என்ன, மரக்கட்டையா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் உக்காந்தா உன் அம்மன் கோவிச்சுக்குவாளா?"

கங்காணியிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் போனது என் வீட்டுக்கு.

நான் வேலை முடிந்து போனபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. என் மனைவி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, கங்காணி விட்டாருன்னு சொன்னீங்களே?"

கையில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தேன்.

"போன தடவ நான் வரப்புல விழுந்தப்ப என்னை யாரு தூக்கிட்டு வந்தா? நீங்களா? நீங்க நெருப்ப விட்டுட்டு வர முடியல. அந்த அக்காதான். சேத்துல முட்டி வரைக்கும் இறங்கி, என்னை முதுகுல போட்டுக்கிட்டு வந்தாங்க. வந்துட்டுத் திரும்பிப் போயி என் விறகையும் தூக்கிட்டு வந்து எனக்குக் கோடு போட்டாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் அன்றுவரை சொல்லவில்லை.

"இந்தப் புள்ளையும் போயிட்டா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு, "அத அம்மன் பாக்கட்டும். அவங்க நடக்குற நடையில நான் படுத்துக் கெடந்து பெத்தா, அந்தப் புள்ளைய நான் எந்த மொகத்தோட அவங்க கையில குடுத்துப் பாக்கச் சொல்லுவேன்? முறை வச்சு விடுங்க. ஒரு நாளைக்கு ஒருத்தி. நானும் என் முறைக்கு உக்காருறேன்" என்றாள்.

மறுநாளே அவள் சும்மாடு சுருட்டிக்கொண்டு வரப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தியும் வீட்டில் இருந்தாள். அன்றைக்கு இருந்தவள் சாயந்திரம் மெதுவாக வந்து தன் கோட்டைத் தானே போட்டுவிட்டுப் போவாள். அக்காவின் முறை முதலில் வந்தது. அன்று முழுக்க அவள் தூங்கினாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த நாட்கள் ஒன்றுபோல ஒன்று. ஏணியில் ஏறி மேலே நின்றால் வரப்பு தெரியும். வாளியை ஊற்றிவிட்டு ஒரு கணம் நின்று பார்ப்பேன். வரிசையில் அவள் தலை தெரிந்தால் இறங்குவேன். தெரியாவிட்டாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. மழை ஒரு தூற்றல் போட்டுவிட்டு மறுபடி காய்ந்தது. அக்காவின் முறை இரண்டாம் தரம் வந்த அன்றைக்கு அவள் சும்மாடோடு கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"என் முறைய அவளுக்குப் போடு. எனக்கு வீட்டுல உக்காந்தா இடுப்பு புடிச்சுக்குது."

"அக்கா..."

"என்ன அக்கா? அன்னைக்கு ஒரு நாளு தூங்குனதுக்கே மூணு நாளு உடம்பு வலி. சொகம் நமக்கு ஒத்துக்காதுலா."

அவள் சிரிக்காமல் சொல்லிவிட்டு நடந்துபோனாள். மறுநாள் முறைக்காரியும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்தவளும். யாரும் கூடிப் பேசினதாக எனக்குத் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் தன் முறையை விடவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் புருஷன் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தான். அவளுக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாள்தான் என் மனைவி மறுபடி வரப்புக்குப் போனாள். இரண்டாவது நடை வந்து இறக்கிப் போட்டபோது அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. "போதும், மூணாவத நான் பாத்துக்கிறேன்" என்றேன். "நீங்க எங்க போயிப் பாப்பீங்க?" என்று திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அக்கா வரப்பில் ஓடிவருவது ஏணி மேலிருந்து தெரிந்தது. கையிலிருந்த வாளி எங்கே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை.

"வலி வந்திருச்சு. விழல, விழல, பயப்படாத. நாலு பேரு புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. நாளு இன்னும் இருக்கே, என்ன அவசரமோ அதுக்கு. நீ நெருப்பப் பாரு."

மாற்று ஆள் வர இன்னும் நேரம் இருந்தது. நெருப்பைப் பார்த்தேன். வேறென்ன செய்வது? பம்பு அடித்தேன், ஏணி ஏறினேன், விறகு தள்ளினேன். மாரியம்மன் படம் உரிந்து ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டக் கை வரவில்லை. அம்மா, பொய் சொன்னவன் நான், அவள் சொல்லவில்லை, அவள் முறைப்படிதான் நடந்தாள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா வாளியோடு வந்தாள். சேலையில் இரத்தக் கறை இருந்தது.

"சூட்டுத் தண்ணி குடு. உப்பில்லாதது."

சுருளின் வாயில் வாளியைப் பிடித்தேன். கொஞ்ச நேரமாகப் பீப்பாய்க்குப் புதுத் தண்ணீர் அடிக்க மறந்திருந்ததால் வெதுவெதுப்பாகவே வந்தது. சொட்டுச் சொட்டாய் நிறைகிற வரை அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"என்ன..." என்றேன்.

"பொண்ணு. கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு."

"அழுவுதா?"

"லயமே எந்திரிச்சு நிக்கிற மாதிரி அழுவுது. உன் பாய்லர் சத்தத்துல உனக்கு எங்க கேக்கப்போவுது?" வாளியைத் தூக்கிக்கொண்டாள். "புளி கிளி போடலயே இதுல?"

நான் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அத்தனை நாள் களைப்பும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது.

அந்த மாதக் கடைசியில் மழை பிடித்தது. ஆறு பெருகி உப்பைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பாய்லரை அணைக்கச் சொன்னார்கள். கொட்டகைத் தகரத்தைக் கழற்றி ஸ்டோர் கூரையில் அடிக்க வேண்டும் என்று கங்காணி சொன்னார். கழற்றுவதற்கு முன் கோடுகளை ஒருமுறை பார்த்தேன். நேராய்ச் சில, சாய்வாய்ச் சில, அழுத்தமாய், மெலிதாய், பன்னிரண்டு பன்னிரண்டாய். கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கி எண்ணி, என் குழந்தை பிறந்த நாளைத் தேடிப் பிடித்தேன். அன்று பதினொரு கோடுதான் இருக்க வேண்டும். மூன்றாவது நடை அவள் முடிக்கவில்லை.

பன்னிரண்டு இருந்தது. கடைசிக் கோடு என் மனைவியின் கோடு போலவே சாய்ந்து, நடுவில் கொஞ்சம் நடுங்கியிருந்தது. பழக்கமில்லாத கை. அக்கா அந்த விறகையும் தூக்கி வந்து இறக்கிவிட்டு, கரியை இடக்கையில் பிடித்துப் போட்டிருக்கிறாள்.

தகரத்தை நான் கோடு அழியாமல்தான் கழற்றினேன். ஸ்டோர் கூரையில் அதைக் கரி உள்பக்கம் தெரிய வைத்து அடித்தேன். அம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தபோது, குழந்தையை அக்காதான் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.